சோலாருக்கு கேபிள் எடுக்கிறது: 4 ஸ்கொயரா 6 ஸ்கொயரான்னு கேக்குறதுக்கு முன்னாடி

சோலார் போட முடிவு பண்ணினவங்க கிட்டருந்து கேபிள் பத்தி வர்ற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "4 ஸ்கொயர் போதுமா, இல்ல 6 ஸ்கொயரே போட்டுரலாமா?" பேனல் எந்த கம்பெனி, இன்வெர்ட்டர் எத்தனை கிலோவாட்னு மாசக்கணக்கா அலசி ஆராய்ஞ்சு எடுத்திருப்பாங்க, கேபிள் மட்டும் வேலை நடக்குற அன்னைக்கு எது கையில கிடைச்சுதோ அது. எனக்கு இதுல உண்மையிலயே ஆதங்கம் இருக்கு. பேனல் 25 வருஷம் உழைக்கணும்னு ஆசைப்படுறோம், அந்த 25 வருஷமும் அதே வெயில்லயும் மழையிலயும் கேபிளும்தான் கிடக்கப்போகுது, பேனல் வயசானா கரண்ட் கொஞ்சம் குறையும் அவ்வளவுதான், ஆனா கேபிள் கெட்டுப்போனா கூரையில நெருப்பு வரலாம்.

முதல்ல இந்த ஸ்கொயர்னா என்னன்னு பார்த்துருவோம். கேபிளை கத்தியால குறுக்க வெட்டினா உள்ள செம்பு தெரியும்ல, அந்த செம்போட வெட்டுமுகத்துக்கு எவ்வளவு பரப்பளவுங்கிறதுதான் ஸ்கொயர் எம்எம். மேல இருக்கிற ரப்பர் மாதிரி தோலோட தடிமன் இதுல சேராது. 4 ஸ்கொயர் எம்எம் செம்பை ஒரே கம்பியா உருட்டினா அதோட குறுக்களவு 2.25 மில்லிமீட்டர்தான் வரும், அதனால வெளியில பார்க்க குண்டா இருக்கே, நல்ல கேபிளாத்தான் இருக்கும்னு நினைச்சு வாங்குனா ஏமாந்துடுவோம், தோலை குண்டா போட்டு செம்பை ஒல்லியா வைக்கிறவங்களும் இருக்காங்க.

சரி, 4-ஆ 6-ஆ? இதுக்கு பதில் சொல்லணும்னா நான் திருப்பி ஒண்ணு கேக்கணும்: எந்த இடத்துக்கு? ஏன்னா ஒரு சோலார் சிஸ்டத்துல கேபிள் மூணு இடத்துல ஓடுது. பேனல்லருந்து இன்வெர்ட்டர் வரைக்கும் ஒண்ணு, பேட்டரி இருந்தா பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவுல ஒண்ணு, இன்வெர்ட்டர்லருந்து வீட்டு மெயின் போர்டுக்கு ஒண்ணு. மூணுலயும் ஓடுறது அதே பவர்தான், ஆனா ஒவ்வொண்ணுலயும் கேபிளுக்கு வர்ற கஷ்டம் வேற வேற. இதை பிரிச்சுப் பார்க்காம "சோலாருக்கு எத்தனை ஸ்கொயர்"னு ஒரே நம்பர் கேட்டா யாரு சொன்னாலும் தப்பாத்தான் போகும்.

பேனல் பக்கத்துலருந்து ஆரம்பிப்போம். 550 வாட் பேனல் ஒண்ணு சுமார் 42 வோல்ட்ல 13 ஆம்பியர் குடுக்கும்னு வெச்சுக்கோங்க. பத்து பேனலை சீரிஸ்ல, அதாவது ஒண்ணோட ப்ளஸ்ஸை அடுத்ததோட மைனஸ்ல கோத்துக்கிட்டே போனா, வோல்டேஜ் கூடிக்கிட்டே போய் 420 ஆகும், கரண்ட் அதே 13 ஆம்பியர்தான். இப்ப இன்வெர்ட்டர் 30 மீட்டர் தள்ளி இருக்கு. கரண்ட் போயிட்டு திரும்பி வரணும், அதனால கணக்குல 60 மீட்டர். 4 ஸ்கொயர் சோலார் கேபிளுக்கு ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்ட்டை தடுக்குற அளவு, கிலோமீட்டருக்கு 5.09 ஓம், அப்ப 60 மீட்டருக்கு 0.305 ஓம், அதை 13 ஆம்பியரால பெருக்கினா கிட்டத்தட்ட 4 வோல்ட். 420-ல 4 வோல்ட் வழியில தொலையுது, ஒரு சதவீதம் கூட இல்ல. 6 ஸ்கொயர் போட்டா 2.6 வோல்ட் தொலையும். வித்தியாசம் ஒண்ணரை வோல்ட்டுக்கும் கம்மி. இதுக்காக மண்டைய உடைச்சுக்க வேணாம்.

அதே பத்து பேனலை சீரிஸ்ல கோக்காம எல்லாத்தையும் பேரலல்ல, அதாவது ப்ளஸ் எல்லாத்தையும் ஒண்ணா, மைனஸ் எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து போட்டோம்னா என்ன ஆகும்? 42 வோல்ட், 130 ஆம்பியர். அதே 4 ஸ்கொயர்ல அதே 30 மீட்டர் கொண்டு போனா கணக்குப்படி 40 வோல்ட் தொலைஞ்சிரணும், மொத்தமே 42 தான் இருக்கு! நிஜத்துல அதுக்கு முன்னாடியே கேபிள் உருகிரும். பவர் ஒண்ணுதான், பேனல் ஒண்ணுதான், கேபிளும் ஒண்ணுதான், கோத்த விதம் மட்டும் மாறிச்சு. கேபிள் சைஸை கரண்ட்டும் தூரமும்தான் தீர்மானிக்குது, "எத்தனை கிலோவாட் சிஸ்டம்"ங்கிறதை மட்டும் வெச்சு சொல்ல முடியாதுன்னு நான் சொல்றது இதனாலதான்.

நீங்களே போட்டுப் பார்க்க ஒரு சின்ன கணக்கு: ஒரு வழி தூரத்தை ரெண்டால பெருக்கி, கரண்ட்டால பெருக்கி, 0.02-ஆல பெருக்கி, எத்தனை வோல்ட் வரைக்கும் இழக்கலாம்னு நினைக்கிறீங்களோ அதால வகுங்க. ஸ்கொயர் எம்எம் வந்துரும். மேல சொன்ன உதாரணத்துல 420-ல ஒரு சதவீதம், அதாவது 4.2 வோல்ட் வரைக்கும் பரவால்லன்னா, 2 × 30 × 13 × 0.02 வகுத்தல் 4.2, வர்றது 3.7. கடையில கிடைக்கிற அடுத்த சைஸ் 4, எடுத்துக்கலாம். அந்த 0.02 எங்கருந்து வந்துச்சுன்னா, செம்போட ரெசிஸ்டிவிட்டி 20 டிகிரியில 0.0172, ஆனா கூரையில கேபிள் 20 டிகிரியிலயா இருக்கப்போகுது, சூடாக ஆக செம்பு ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் அதிகமா கரண்ட்டை தடுக்கும், 60 டிகிரிய தாண்டும்போது 0.02 வந்துரும். டிசி பக்கம், அதாவது கரண்ட் ஒரே திசையில ஓடுற பேனல், பேட்டரி பக்கம், ஒண்ணுலருந்து ரெண்டு சதவீதத்துக்குள்ள இழப்பை நிறுத்துறது நல்லது, மூணை தாண்ட விடாதீங்க.

அப்புறம் கேபிள் தாங்கணும்ங்கிற கணக்கு. இதுக்கு 13 ஆம்பியரை எடுக்கக்கூடாது, பேனல் பின்னாடி ஒட்டியிருக்கிற லேபிள்ல ஷார்ட் சர்க்யூட் கரண்ட்னு (ப்ளஸ்ஸையும் மைனஸையும் நேரா சேர்த்தா ஓடுற கரண்ட்) ஒரு நம்பர் இருக்கும், இந்த பேனலுக்கு 14 பக்கம் வரும், அதை 1.25-ஆல பெருக்கி 17.5 ஆம்பியர்னு வெச்சுக்கணும். ஏன் 1.25? லேபிள்ல இருக்கிறது சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயில்ல அளந்தது, ஆனா மேகம் விலகுற நேரத்துல அதோட ஓரத்துலருந்து சிதறி வர்ற வெளிச்சமும் நேர் வெயிலும் ஒண்ணு சேர்ந்து 1000-த்தை தாண்டிரும். 4 ஸ்கொயர் சோலார் கேபிள் 60 டிகிரி சூட்டுல ரெண்டு கேபிள் ஒட்டிக்கிட்டு கிடந்தாலும் 44 ஆம்பியர் தாங்கும்னு ஸ்டாண்டர்ட்ல இருக்கு, சுத்தி 70 டிகிரி ஆனாலும் 40 கிட்ட தாங்கும். அதனால ஒரு ஸ்ட்ரிங்குக்கு, அதாவது சீரிஸ்ல கோத்த ஒரு பேனல் வரிசைக்கு, சூடு பெருசா ஒரு பிரச்சனை இல்ல. பத்து பன்னெண்டு கேபிளை ஒரே பைப்புக்குள்ள திணிச்சு கொண்டு போறப்பதான் ஒண்ணோட சூடு இன்னொண்ணுக்கு ஏறி இந்த நம்பர் நல்லா கீழ இறங்கும், அப்ப டேபிள் பார்த்து குறைச்சுக்கணும். மூணு ஸ்ட்ரிங் அல்லது அதுக்கு மேல பேரலல்ல சேர்த்தா, ஒரு ஸ்ட்ரிங்ல கோளாறு வரும்போது மத்த ஸ்ட்ரிங் எல்லாம் சேர்ந்து கரண்ட்டை அதுக்குள்ள திருப்பித் தள்ளும், அதனால ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் டிசி ஃப்யூஸ் வேணும்.

இப்ப ஒரு விஷயம் புரிஞ்சிருக்கும், பேனல் பக்கத்துல செம்பு எவ்வளவுங்கிறது பெரும்பாலும் தானா சரியா வந்துரும். அங்க கவலைப்பட வேண்டியது கேபிளோட தோலைப் பத்தி.

சொந்தக்காரர் ஒருத்தர் வீட்டுல ஒரு கேஸ். மழை பெய்ஞ்ச மறுநாள் காலையிலயும் பனி அதிகமா இருக்கிற காலையிலயும் இன்வெர்ட்டர் ஆன் ஆகாது, இன்சுலேஷன் ஃபால்ட்னு, அதாவது எங்கயோ தோல் வழியா கரண்ட் கசியுதுன்னு காட்டும், பத்து மணி பத்தரைக்கு தானா சரியாகி ஓட ஆரம்பிச்சிரும். இன்வெர்ட்டர்தான் கெட்டுப்போச்சுன்னு மாத்துற அளவுக்கு போயிட்டாங்க. நான் மேல ஏறி பேனலுக்கு அடியில கைய விட்டு கேபிளை கொஞ்சமா வளைச்சேன், முறுக்கு உடையுற மாதிரி தோல் வெடிச்சு உள்ள செம்பு பச்சை பூத்துப்போய் தெரியுது. வீட்டுக்குள்ள ஃபேனுக்கும் லைட்டுக்கும் இழுக்கிற சாதா பிவிசி வயர், வெயில்ல மூணு வருஷம். ராத்திரி ஈரம் அந்த வெடிப்புல இறங்கி ஃப்ரேம் வழியா எர்த்துக்கு கரண்ட் கசியும், வெயில் ஏறினா காய்ஞ்சு நின்னுரும். இன்வெர்ட்டர் பாவம், அது ஒழுங்கா அதோட வேலையத்தான் செஞ்சிருக்கு. அந்த ஈரம் காயுற வரைக்கும் அந்த அலுமினிய ஃப்ரேமை தொட்டவருக்கு என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இன்னிக்கும் எனக்கு மனசு பதறும்.

அதனால பேனல் பக்கத்துக்கு சோலார் டிசி கேபிள்னே தனியா வர்றதைத்தான் வாங்கணும். அது எப்படி இருக்கும்னா, செம்பு இழை ஒவ்வொண்ணுக்கும் வெள்ளீயம் பூசியிருக்கும், வெட்டிப் பார்த்தா செம்பு நிறமா இல்லாம வெள்ளி மாதிரி தெரியும், ஈரத்துல பச்சை பூக்காம இருக்கத்தான் இது. இழைகள் மயிரிழை மாதிரி நிறைய இருக்கும், வளைஞ்சு குடுக்கும். மேல ஒரு தோல் இல்ல, ரெண்டு தோல், ஒண்ணு கிழிஞ்சாலும் இன்னொண்ணு காப்பாத்தும். அந்த தோலும் பிவிசி கிடையாது, கிராஸ் லிங்க் பண்ணின பாலிமர், சூடு பட்டா இளகி ஒழுகாது, எரிஞ்சாலும் ஹாலஜன் புகை வராது. சாதா பிவிசி வயர்ல செம்பு 70 டிகிரி வரைக்கும்தான் சூடாகலாம், இதுல 120 டிகிரி வரைக்கும் போகலாம். வோல்டேஜ் 1500 டிசி தாங்கும். இதை எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா கேபிள் மேலயே அடிச்சிருப்பாங்க, எச்1இசட்2இசட்2-கே, கூடவே ஈஎன் 50618, இல்லன்னா ஐஈசி 62930. பழைய ஸ்டாக்ல பிவி1-எஃப்னு இருக்கும். இந்த எழுத்து எதுவுமே இல்லாம வெறுமனே "சோலார் கேபிள்"னு மட்டும் அடிச்சிருந்தா கீழ வெச்சிட்டு வாங்க. கலர் சிவப்பு கருப்புன்னு ரெண்டும் கிடைக்கும், ப்ளஸ் மைனஸ் குழம்பாம இருக்க அது வசதி, நேரடியா வெயில் படுற இடத்துக்கு மட்டும் கருப்பு கொஞ்சம் மேல், ஏன்னா அதுல கலக்குற கார்பன் கரித்தூள் புற ஊதாக் கதிரை நல்லா தடுக்கும்.

டிசின்னு சொல்லும்போது ஒண்ணை அழுத்தி சொல்லியே ஆகணும். வீட்டு லைன்ல வர்ற 50 ஹெர்ட்ஸ் ஏசியில கரண்ட் திசை மாறி மாறி ஓடி ஒரு செகண்டுக்கு 100 தடவை பூஜ்யத்தை தொட்டுட்டு வரும், அதனால ஸ்பார்க் வந்தாலும் அந்த பூஜ்யத்துல அணைய ஒரு வாய்ப்பு கிடைக்குது. டிசியில அந்த மூச்சு விடுற இடமே கிடையாது. ஒரு லூஸ் கனெக்‌ஷன்ல 400 வோல்ட் டிசி ஆர்க் (இடைவெளியில தாவி நிக்கிற தீப்பொறி) புடிச்சிருச்சுன்னா வெல்டிங் மாதிரி நின்னு எரியும், வெயில் இருக்கிற வரைக்கும் பேனலை ஆஃப் பண்ணவும் முடியாது. அதனாலதான் ஓடிக்கிட்டு இருக்கும்போது எம்சி4 கனெக்டரை, அதாவது பேனல் கேபிள் முனையில சொருகுற கனெக்டரை, பிடுங்கவே கூடாது, முதல்ல இன்வெர்ட்டரை நிறுத்தி டிசி ஐசொலேட்டர் சுவிட்சை ஆஃப் பண்ணணும்.

கனெக்டர் பத்தி வந்ததால இதையும் சேர்த்துக்கோங்க. எவ்வளவு நல்ல கேபிளா இருந்தாலும் ரெண்டு முனையிலயும் கனெக்டர்லதான் போய் முடியுது, நான் பார்த்த உருகின இடம் பாதிக்கு மேல கனெக்டர்தான், நடு கேபிள் இல்ல. கட்டிங் ப்ளேயரால நசுக்கி பின்னை மாட்டுறது, ஒரு கம்பெனியோட ஆண் கனெக்டரை இன்னொரு கம்பெனியோட பெண் கனெக்டர்ல சொருகுறது, இது ரெண்டும்தான் காரணம். சொருகும்போது டக்குன்னு பூட்டிக்கும், பார்க்க ஒண்ணாத்தான் இருக்கும், ஆனா உள்ள இருக்கிற உலோகமும் அளவும் நூலிழை வித்தியாசப்படும், அந்த நூலிழையிலதான் சூடு பிறக்குது. அதுக்குன்னு இருக்கிற கிரிம்பிங் டூலால அமுக்கி, கையால இழுத்துப் பார்த்து வரலைன்னாதான் உள்ள சொருகணும்.

பேட்டரி பக்கம் வந்தா கதையே தலைகீழ். இங்க வோல்டேஜ் கம்மி, கரண்ட் பயங்கரம். 48 வோல்ட் பேட்டரியிலருந்து 5 கிலோவாட் எடுக்கணும்னா வெறும் வகுத்தல் கணக்குலயே 104 ஆம்பியர், இன்வெர்ட்டர்ல வீணாகுறதையும் பேட்டரி இறங்கும்போது வோல்டேஜ் 44-க்கு வர்றதையும் சேர்த்தா 120 ஆம்பியரை தாண்டும். 12 வோல்ட் சிஸ்டம்னா 1 கிலோவாட்டுக்கே 85, 90 ஆம்பியர். இங்க 4 ஸ்கொயர் 6 ஸ்கொயர் பேச்சுக்கே இடமில்ல, 35 ஸ்கொயர், 50 ஸ்கொயர்னு போகணும், பேட்டரியை இன்வெர்ட்டருக்கு பக்கத்துலயே வைக்கணும். 35 ஸ்கொயர்ல 115 ஆம்பியர் ஓடுது, பேட்டரி 2 மீட்டர் தூரம்னா கால் வோல்ட் தொலையும், 10 மீட்டர் தூரம்னா 1.3 வோல்ட் தொலையும். 1.3 தானேன்னு தோணும், ஆனா 48 வோல்ட்ல அது ரெண்டரை சதவீதத்துக்கு மேல, அதோட இன்வெர்ட்டர் பேட்டரி காலியாயிடுச்சுன்னு தப்பா நினைச்சு சீக்கிரமே கட் பண்ணிரும். இடவசதிக்காக பேட்டரியை தூரமா ஒரு ரூம்ல வைக்கணும்னு யாராவது சொன்னா இந்த கணக்கை போட்டுக் காட்டுங்க.

பேட்டரி ஷார்ட் ஆனா ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஒரே நொடியில பாயும், அதனால ப்ளஸ் முனைக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட ஒரு டிசி ஃப்யூஸ் இருக்கணும், அந்த ஃப்யூஸோட அளவு கேபிள் தாங்குறதை விட கம்மியா இருக்கணும். கேபிள் முனையில மாட்டுற லக்கை அமுக்க ஹைட்ராலிக் கிரிம்பர் வேணும், சுத்தியலால தட்டி ஒட்டின லக் முதல் கோடையிலயே சூடேறும். பல பேட்டரி பேரலல்ல இருந்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரே நீளத்துல கேபிள் வெட்டுங்க, இல்லன்னா கேபிள் குட்டையா இருக்கிற பேட்டரி அதிகமா உழைச்சு முதல்ல செத்துப்போகும்.

ஏசி பக்கம், இன்வெர்ட்டர்லருந்து மெயின் போர்டு வரைக்கும், இதை எல்லாரும் சாதாரணமாத்தான் எடுத்துக்கிறாங்க. 5 கிலோவாட் சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட்னா 22 ஆம்பியர், 4 ஸ்கொயர் தாங்கும், போட்டா போச்சு. தாங்கும், உண்மைதான். ஆனா கரன்ட் இங்க எந்த திசையில போகுதுன்னு யோசிங்க. வீட்டு லோடுக்கு போற வயர்ல முனையில வோல்டேஜ் குறையும். இன்வெர்ட்டர் கரன்ட்டை லைனுக்குள்ள தள்ளுது, அதனால தள்ளுற முனையில, அதாவது இன்வெர்ட்டர் பக்கம், வோல்டேஜ் ஏறும். 40 மீட்டர் தூரம், 4 ஸ்கொயர், 22 ஆம்பியர், எட்டரை வோல்ட் ஏறும். மத்தியானம் லைன்ல ஏற்கனவே 245 வோல்ட் இருந்துச்சுன்னா இன்வெர்ட்டருக்கு 253-க்கு மேல தெரியும், நிறைய ஊர் விதிப்படி 230-க்கு மேல பத்து சதவீதம், 253, தாண்டினா இன்வெர்ட்டர் நின்னுரணும். நல்லா வெயில் அடிக்கிற நேரமா பார்த்து சிஸ்டம் நிக்குது, சாயங்காலம் சரியாகுதுன்னு வர்ற புகார்ல பல தடவை குற்றவாளி இந்த ஒல்லி ஏசி கேபிள்தான். அதே இடத்துல 10 ஸ்கொயர் போட்டா ஏத்தம் மூணேகால் வோல்ட்தான். ஏசி பக்கம் வீட்டுக்குள்ளயே ஓடினா நல்ல தரமான சாதா கேபிள் போதும், வெளியில ஓடினா வெயில் தாங்குற தோல் வேணும், இல்ல பைப்புக்குள்ள போகணும்.

எர்த் வயர், பேனல் ஃப்ரேம் எல்லாத்தையும் சேர்த்துக் கட்ட செம்புல 6 ஸ்கொயர், இடிதாங்கியோட சேருதுன்னா 16 ஸ்கொயர், பச்சை மஞ்சள் கலர்.

கேபிளை இழுக்கிற விதத்துல ரெண்டு விஷயம் சொல்றேன். ப்ளஸ்ஸும் மைனஸும் ஒட்டினாப்புல ஒண்ணா போகணும், ஒண்ணு கூரையோட இந்த பக்கமும் இன்னொண்ணு அந்த பக்கமும் சுத்தி வந்தா நடுவுல ஒரு பெரிய வளையம் உருவாகுது, பக்கத்துல எங்கயாவது இடி விழுந்தாலே அந்த வளையத்துல வோல்டேஜ் எழும்பி இன்வெர்ட்டர் காலியாகும். அப்புறம், கேபிள் கூரை மேல படுத்துக்கிடக்கக் கூடாது, காத்துல ஆடி பேனலை தாங்குற ரெயிலோட கூர்மையான ஓரத்துல உரசக் கூடாது. வெள்ளை நைலான் டேக் ரெண்டு வருஷத்துல பொடிஞ்சு விழும், ஸ்டீல் கிளிப் போடுங்க. இன்வெர்ட்டருக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி கேபிளை கீழ தொங்கவிட்டு ஒரு வளைவு குடுத்து மேல ஏத்துங்க, மழைத்தண்ணி அந்த வளைவுலயே சொட்டிரும்.

வாங்கும்போது செம்பை சோதிச்சே ஆகணும். அலுமினியத்து மேல மெல்லிசா செம்பு பூசி விக்கிற கேபிள் நிறைய நடமாடுது, அதே கரண்ட்டுக்கு அலுமினியம் 1.6 மடங்கு ஸ்கொயர் எம்எம் இருந்தாத்தான் செம்புக்கு ஈடாகும். ஒரு இழையை உருவி பிளேடால சுரண்டிப் பாருங்க, வெள்ளீயம் போனதும் உள்ள செம்பு செக்கச்செவேல்னு தெரியணும், இன்னும் ஆழமா சுரண்டினாலும் சிவப்பாவே இருக்கணும், உள்ள வெள்ளையா வந்தா அது அலுமினியம். ஒரு ரோல் முழுசா வாங்குறீங்கன்னா தூக்கிப் பாருங்க, 4 ஸ்கொயர்ல செம்பு மட்டுமே 100 மீட்டருக்கு மூணரை கிலோவுக்கு கிட்ட இருக்கும், தோலோட சேர்த்து அதை விட நல்லாவே கூட வரணும்.

நீளத்தை கண்ணால அளக்காதீங்க. ஒரு கயித்தை எடுத்து கேபிள் போற வழியிலயே, பேனல் வரிசையோட கடைசியிலருந்து, சுவர் இறங்கி, திரும்பி, இன்வெர்ட்டர் வரைக்கும் ஓட்டிப் பார்த்து, அதை ரெண்டால பெருக்கி, மேல பத்து சதவீதம் சேர்த்து வாங்குங்க, நடுவுல பத்தாம போய் ஒட்டுப் போட்டு டேப் சுத்துற நிலைமை வேணாம். எல்லாம் இழுத்து முடிச்சதும் இன்வெர்ட்டர்ல மாட்டுறதுக்கு முன்னாடி மெக்கர் (தோலோட இன்சுலேஷனை சோதிக்கிற மீட்டர்) வெச்சு ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் எர்த்துக்கு அளந்து காட்டச் சொல்லுங்க, 1 மெகா ஓமுக்கு கீழ வந்தா எங்கயோ தோல் கிழிஞ்சிருக்கு, அதை கண்டுபிடிக்காம ஆன் பண்ண விடாதீங்க.